பிட்டிலிருந்து கட்டளை வரை: கணிப்பொறியின் அரிச்சுவடி

கணிப்பொறியைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவன பெரும்பாலும் இரண்டே. ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ என்னும் அறிஞரின் பெயரே 'அல்காரிதம்' ஆயிற்று. ஆகவே கணிப்பொறி நம் முன்னோர் உலகுக்கு அளித்த கொடை என்பது. மற்றொன்று, கணிப்பொறி படித்தால் வளைகுடாவில் நல்ல சம்பளம் கிடைக்கும் என்பது. முதற்கூற்றில் ஒரு சொல்லின் வரலாறு சரியாகவே உள்ளது. இரண்டாவதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னதான் நிகழ்கிறது என்ற வினாவுக்கு இரண்டிலும் விடையில்லை. பெருமை பேசுவோரும் கேட்பதில்லை. பிழைப்புக்குப் படிப்போரும் கேட்பதில்லை.

இந்த வினாவை நம் முன் கொண்டுவந்து வைத்தவர் ஒரு மாணவர். பழைய ஆவணங்கள் மஹ்மூது பந்தர் எனக் குறிக்கும் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர். பின்னர் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். ஒருநாள் அஸருக்குப் பின் தம் ஆய்வகக் குறிப்பேட்டோடு வந்து, "ஹழ்ரத், இந்த மைக்ரோபிராசஸர் பாடம் மட்டும் தலையில் ஏறவில்லை. இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. படிப்பை விட்டுவிட்டு சஃபருக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன்" என்றார். குறிப்பேட்டைப் புரட்டினோம். எண்களும் எழுத்துகளும் கலந்த வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. அத்தனையையும் அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். ஒரு வரிக்கும் பொருள் சொல்ல அவரால் இயலவில்லை.

நாம் அரபி இலக்கணம் கற்பிப்பவர். மின்னணுவியல் நம் துறையன்று. எனினும் அவருடைய பாடநூலை வாங்கிச் சில வாரம் படித்தோம். படிக்கப் படிக்க ஒரு வியப்பு ஏற்பட்டது. அதில் உள்ளவற்றில் பாதிக்கு மேல், யாப்பும் அரூளும் நஹ்வும் உஸூலும் ஓதிய ஒருவருக்கு ஏற்கெனவே பழக்கமான சிந்தனை முறைகள். பெயர்கள் மட்டுமே புதியன. அம்மாணவருக்குச் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

தொடக்கம் பிட். இரண்டே நிலைகளுள் ஒன்றை மட்டும் ஏற்கக்கூடிய மிகச் சிறிய செய்தித் துணுக்குக்கு பிட் என்று பெயர். உண்டு, இல்லை, ஒன்று, சுழி, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். மாணவர் கற்ற 8085 என்னும் நுண்செயலி 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. தன்னிடம் வரும் ஒரு கம்பியில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சுழி என்று கொள்ளும். 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ஒன்று என்று கொள்ளும். இடைப்பட்ட அளவு எதற்கும் பொருளில்லை. அந்த நிலையில் கம்பி நிற்காதபடி பார்த்துக்கொள்வது சுற்றை அமைப்பவர் கடமை. இயற்கையில் மின்னழுத்தம் கடலலை போல ஏறியிறங்கும் ஒன்று. அதை இரண்டே பெயர்களுக்குள் அடக்க மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதான் பிட். இச்சொல் அச்சேறியது 1948-இல், கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில். சொல்லை ஆக்கியவர் ஜான் டூக்கி என்று ஷானனே குறிப்பிட்டிருக்கிறார்.

இரண்டே நிலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்ற ஐயம் மாணவருக்கு இருந்தது. யாப்பு கற்ற தமிழருக்கு இந்த ஐயம் வரலாகாது. நம் செய்யுளின் அசை இரண்டே வகை: நேர், நிரை. ஓரசைச்சீர் இரண்டு: நாள், மலர். ஈரசைச்சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசைச்சீர் எட்டு, காய் நான்கு, கனி நான்கு. நாலசைச்சீர் பதினாறு. ஆகச் சீர் முப்பது என்று யாப்பருங்கலக்காரிகை வகுக்கிறது. ஓர் அசை கூடுந்தோறும் சீரின் தொகை இரட்டிப்பதைக் கவனிக்க வேண்டும். நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் வைத்தால் தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. இதே கணக்கை நீட்டி எட்டு அசைகளில் ஒரு சீர் அமைந்தால் அத்தகைய சீர்கள் 256 ஆகும். எட்டுப் பிட்டுகளைக் கொண்ட தொகுதிதான் பைட். அது ஏற்கக்கூடிய வடிவங்களும் 256 தாம். காரிகையைக் கரைத்துக் குடித்த புலவர் ஒருவருக்கு பைட்டை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

அரபி யாப்பிலும் இதற்கு இணை உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது (ரஹ்) அரூள் கலையை வகுத்தபோது, எழுத்துகளை அவற்றின் ஒலி எதுவாயினும் இரண்டாகவே பிரித்தார்: ஹரகத்து பெற்றது முதஹர்ரிக், பெறாதது ஸாகின். இன்றைய அரூள் நூல்களில் முதல்வகைக்குச் சாய்கோடும் இரண்டாம் வகைக்கு வட்டமும் இடுவர். 'ஃபஊலுன்' என்னும் வாய்பாடு கோடு, கோடு, வட்டம், கோடு, வட்டம் என வரும். அதை 11010 என்று எழுதினால் அரூள் ஆசிரியர் கோபித்துக்கொள்ள இடமில்லை. இதனால் கலீல் கணிப்பொறிக்கு வித்திட்டார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது முதலிற்கூறிய மேடைப்பேச்சில் சேர்ந்துவிடும். இரண்டே குறிகளால் பெரியதோர் ஒழுங்கை எழுதிக்காட்டலாம் என்பது நம் மாணவர்க்குப் புதிய செய்தியன்று என்பதே நாம் சொல்ல வருவது.

அடுத்தது எண். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துச் செல்லும் மதிப்புகளை இடங்களுக்குக் கொடுத்தால் இருமை எண் கிடைக்கும். நம் மக்கள் கடைப்பலகையிலும் வண்டியிலும் எழுதும் 786-ஐ எடுத்துக்கொள்வோம். (பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக இவ்வெண்ணை எழுதலாமா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே செல்லவில்லை, எழுதியவருக்கு பிஸ்மில்லாஹ் சொன்ன நன்மை கிட்டிவிடும் என்று நாம் கருதவுமில்லை.) 786 என்பது 512, 256, 16, 2 ஆகியவற்றின் கூட்டு. எனவே இருமை வடிவில் 1100010010. பத்து இடம் வேண்டியிருக்கிறது. ஒரு பைட்டில் அடங்காது. இரண்டு பைட்டு வேண்டும்.

இந்த நீண்ட ஒன்று சுழிகளை மனிதக் கண் தாங்காது. எனவே நான்கு நான்கு பிட்டாகச் சேர்த்துப் பதினாறு குறிகளால் எழுதுவர். 0 முதல் 9 வரை பழைய இலக்கங்கள்; பத்து முதல் பதினைந்து வரை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் ஆறு எழுத்துகள். பத்துக்குத் தனிக் குறியா என்று மாணவர் தயங்கினார். பழந்தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்ததை நினைவூட்டினோம். இம்முறையில் 786 என்பது 03 12 என இரண்டு பைட்டாகும்.

786 வந்த வழியே மற்றொரு பாடம். அரபி எழுத்துகள் இருபத்தெட்டுக்கும் அப்ஜத் முறையில் எண் மதிப்பு உண்டு. அலிஃப் 1, யா 10, காஃப் என்னும் தொண்டை எழுத்து 100, ஃகைன் 1000. பிஸ்மில்லாஹ்வின் பத்தொன்பது எழுத்துகளின் மதிப்பைக் கூட்ட 786 வரும். கணிப்பொறிக்குள்ளும் எழுத்து என்று ஒன்று கிடையாது. எழுத்துக்கு இட்ட எண்தான் உண்டு. யூனிகோட் என்னும் உலகப் பொது அட்டவணையில் அரபி அலிஃபின் எண் பதினறும முறையில் 0627. தமிழ் அகரத்தின் எண் 0பி85. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அப்ஜத்தில் நாம் எண்களைக் கூட்டிவிடுகிறோம். கூட்டிய பின் 786-லிருந்து பிஸ்மில்லாஹ்வைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதே கூட்டுத்தொகை வேறு எத்தனையோ சொல்வரிசைகளுக்கும் வரும். கணிப்பொறியோ கூட்டாமல் வரிசையாக வைக்கிறது. ஆகவே எழுதியதை எழுதியபடியே திருப்பித் தருகிறது. யூடிஎஃப்-8 என்னும் வழக்கமான முறையில் அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஹரகத்து இடாத பிஸ்மில்லாஹ் முழுமையும், மூன்று இடைவெளிகளையும் சேர்த்து, 41 பைட்டு.

எண்ணைப் பொதுவாக ஒப்புக்கொள்ளாவிடில் என்ன ஆகும் என்பதைத் தமிழ் அச்சுத் துறையினர் நன்கறிவர். தொண்ணூறுகளில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்ணிட்டது. ஓர் அச்சகத்தில் தட்டச்சிட்ட கட்டுரை மற்றோர் அச்சகத்தில் குப்பையாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரங்களை அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. இவ்வளவு பாடும் எதற்கு? அகரத்துக்கு எந்த எண் என்பதை எல்லாரும் ஒன்றாக ஒப்புக்கொள்வதற்கே.

இனி, எண்ணும் எழுத்தும் தாமாக எதையும் செய்யா. அவற்றை எடுத்துக் கூட்டிக் கழித்து வைக்கும் ஒருவன் வேண்டும். அவன் யார் என்று காட்ட, கடலூருக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள புதுச்சேரிக்கு வாசகரை அழைத்துச் செல்கிறோம்.

1768-இல் அங்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீல், தமிழர் ஒருவர் கிரகணத்தைக் கணிப்பதைப் பார்த்தார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. சோழிகளைத் தரையில் பரப்பி நகர்த்தியே முக்கால் மணி நேரத்தில் அவர் கணக்கை முடித்துவிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், சென்னை வானாய்வு நிலையத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், அதே புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டு அவருடைய முறையைத் தம் 1825-ஆம் ஆண்டு நூலில் எழுதிவைத்தார். அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரத்தில் தொடக்கத்துக்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிசகு. கருவி ஒன்றும் இன்றிச் சோழியால் செய்த கணக்குக்கு இது சிறிய பிசகே. சோதிடம் நமக்கு உடன்பாடன்று. ஆனால் இது சோதிடமன்று, கணிதம். தொழுகை நேரத்துக்கும் பிறைக்கும் வானியல் கற்ற நம் முன்னோர் இதை மதித்தே இருப்பர்.

அக்கணிதர் பயன்படுத்தியது வாக்கிய முறை. சந்திரனின் நிலைகளைக் குறிக்கும் எண்கள் சொற்றொடர்களாக மாற்றப்பட்டிருந்தன; மெய்யெழுத்துகளுக்கு இலக்க மதிப்பு கொடுக்கும் கடபயாதி என்னும் ஏற்பாடு அது. நம் அப்ஜத்துக்கு உறவு. ஆனால் கூட்டாமல் இடவரிசையில் வைப்பதால் யூனிகோடுக்கு இன்னும் நெருங்கிய உறவு. வாக்கியங்கள் 248. அவை அவர் நெஞ்சில் இருந்தன. சோழிகள் கையில் எடுத்த எண்ணைத் தாங்கின. எதற்குப் பின் எதைச் செய்வது என்ற ஒழுங்கு பயிற்சியால் வந்தது. நெஞ்சிலிருந்த வாக்கியங்களை நினைவகம் என்றும், சோழி வரிசையைப் பதிவகம் என்றும், செய்முறை ஒழுங்கை நிரல் என்றும் பெயர் மாற்றினால் 8085-இன் வரைபடம் கிட்டிவிடுகிறது.

வாரன் மற்றொன்றையும் குறித்திருக்கிறார்: தாம் செய்யும் கணக்கின் அடியிலுள்ள வானியற் கொள்கை அக்கணிதருக்குத் தெரியாது. அபாரமான நினைவாற்றல் இருந்தது, படிகளைத் தவறாமல் செய்தார், விடை வந்தது. இதை அவருக்கு இழிவாகச் சொல்லவில்லை. படிகள் சரியாக வகுக்கப்பட்டிருந்தால், செய்பவருக்குப் பொருள் தெரியாமலே விடை வரும். அதனால்தான் உயிரற்ற ஒரு சில்லாலும் அதைச் செய்ய முடிகிறது. ஆனால் அச்சில்லுக்கு வேலை சொல்பவனும் பொருள் தெரியாதவனாக இருந்துவிட்டால்? நம் மாணவர் குறிப்பேட்டை ஒப்பித்தபோது நம் மனத்தில் தோன்றியது அந்தப் புதுச்சேரிக் கணிதர்தான்.

8085 இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட சில்லு. இன்று கைப்பேசியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் அது எறும்பு. ஆயினும் அதன் எளிமையினாலேயே நம் நாட்டுப் பொறியியல் வகுப்புகளில் நெடுங்காலம் பாடமாக நின்றது. அதற்குள் ஏ, பி, சி, டி, இ, எச், எல் என்ற ஏழு பதிவகங்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. வெளியே நினைவகம், 16 கம்பிகளால் முகவரி சொல்வதால் 65,536 இடங்களைச் சுட்ட முடியும். அடுத்த கட்டளை எந்த முகவரியில் என்பதை மறவாமல் வைத்திருக்க ஒரு தனிப் பதிவகம். சில்லு செய்வதெல்லாம் ஒன்றே: அந்த முகவரியில் உள்ள பைட்டை எடு, அது சொல்வதைச் செய், அடுத்ததற்குப் போ.

பைட்டு எப்படிக் கட்டளை சொல்லும்? அதற்கும் ஓர் அட்டவணை. 3இ என்றால், அடுத்து வரும் பைட்டை ஏ-யில் வை. 80 என்றால், பி-யில் உள்ளதை ஏ-யோடு கூட்டு. 76 என்றால், நில். இந்த எண்களுக்குப் பதிலாக 'எம்.வி.ஐ.', 'ஆட்', 'எச்.எல்.டி.' என்று மனிதர் படிக்கத்தக்க சுருக்கச் சொற்களில் எழுதுவதே அஸெம்ப்ளி மொழி. ஒரு சொல்லுக்கு ஒரு கட்டளை. ஸர்ஃபு ஓதியவர்க்கு இது எளிது. ஒரே மூலத்திலிருந்து பல வடிவங்கள் கிளைப்பதுபோல, 'ஆட் பி' 80, 'ஆட் சி' 81, 'ஆட் டி' 82 என்று ஒரே வினை பதிவகத்துக்கேற்ப வடிவம் மாறுகிறது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாய்பாட்டை அறிந்தால் போதும்.

மாணவர் குறிப்பேட்டிலிருந்த பயிற்சி இது: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டி 4150 என்னும் முகவரியில் வை.

4100: 3இ 00 — ஏ-யில் சுழி வை
4102: 06 05 — பி-யில் ஐந்து வை
4104: 80 — பி-யை ஏ-யோடு கூட்டு
4105: 05 — பி-யில் ஒன்று குறை
4106: சி2 04 41 — குறைத்தபின் சுழி வராவிடில் 4104-க்குப் போ
4109: 32 50 41 — ஏ-யில் உள்ளதை 4150-இல் வை
410சி: 76 — நில்

ஐந்தும் நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து பதினைந்து. பலகையில் 0எஃப் என்று தெரிய வேண்டும். பதின்மூன்று பைட்டு. இதில் திரும்பச் செய்தல் இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, முடிவை எழுதிவைத்தல் இருக்கிறது. எவ்வளவு பெரிய மென்பொருளும் இவற்றின் பெருக்கமே.

இரண்டு இடங்களில் மாணவர் தடுக்கினார். முதலாவது, 4104 என்ற முகவரி ஏன் 04 41 என்று தலைகீழாக எழுதப்படுகிறது? "பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது" என்பதே அவருக்குக் கிடைத்திருந்த விடை. "அரபியில் இருபத்தைந்தை எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டோம். "கம்ஸதுன் வஇஷ்ரூன்" என்றார். ஐந்தும் இருபதும். சிறியது முன், பெரியது பின். கடபயாதி வாக்கியங்களிலும் முதலெழுத்து ஒன்றாம் இடத்துக்குரியது. இன்டெல் சில்லும் சிறிய பைட்டை முன் வைக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கூட்டலைச் சிறிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருப்பதால் அது முதலில் கைக்கு வருவது வசதி. பெரியதை முன் வைக்கும் சில்லுகளும் உலகில் உண்டு. தமிழில் இருபத்தைந்து என்று சொல்வதுபோல.

இரண்டாவது தடுக்கல்தான் முதன்மையானது. மேற்கண்ட வரிகளில் 05 இரண்டு முறை வருகிறது. 4103-இல் அது ஐந்து என்னும் எண். 4105-இல் அது 'பி-யில் ஒன்று குறை' என்னும் கட்டளை. இரண்டுக்கும் எட்டுப் பிட்டும் ஒன்றே. எழுத்தில், மின்னழுத்தத்தில், எதிலும் வேறுபாடில்லை. பிறகு சில்லு எப்படி அறிகிறது?

உஸூலுல் ஃபிக்ஹில் 'முஷ்தரக்' என்றொரு வகைச் சொல்லை ஓதுகிறோம். 'ஐன்' என்றால் கண், நீரூற்றும் ஐன், தங்கமும் ஐன், ஒற்றனும் ஐன். சொல்லை மட்டும் உற்றுப்பார்த்தால் எது என்று தெரியாது. முன்வந்த சொல்லும் பின்வரும் சொல்லுமே காட்டும். அந்தச் சார்பை விட்டுவிட்டுப் பொருள் கொள்பவர் எங்கெங்கோ போய்ச்சேர்வார் என்று நம் உஸ்தாதுமார் எச்சரிப்பர். பைட்டும் முஷ்தரக்தான். 05-க்கு முன்னே 06 வந்தால், 06 ஒரு பைட்டை எதிர்நோக்கி நிற்கும் கட்டளை ஆதலால், 05 எண்ணாகிறது. எதிர்நோக்கும் கட்டளை ஒன்றும் முன்னே இல்லாவிடில் 05 தானே கட்டளையாகிறது. நஹ்வில் ஆமிலுக்குப் பின் மஃமூல் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் ஒரே வடிவில் வைக்கும் இந்த ஏற்பாடு 1945-இல் ஜான் ஃபான் நாய்மன் எழுதிய அறிக்கையின் வழியாகப் பரவியது. இதன் வலிமையும் ஆபத்தும் ஒன்றே. தரவு என்று ஏமாற்றிக் கட்டளையை நுழைத்துவிடுவது இன்றளவும் கணிப்பொறித் திருடர்களின் பழைய கைவரிசைகளுள் ஒன்று.

மாணவர் தேர்வில் தோற்ற கதையும் இங்கேதான் அவிழ்ந்தது. அன்று பலகையில் 0எஃப்-க்குப் பதிலாக 05 வந்ததாம். பலகை பிழை என்று எதுவும் சொல்லவில்லை. அமைதியாக விடை காட்டிவிட்டது. பலகை பழுதென்று அவர் நினைத்தார். அவர் உள்ளிட்டதாக நினைவிலிருந்து எழுதிக்காட்டிய வரிசையைப் பார்த்தோம். இரண்டாவது பைட்டான 00-ஐ விட்டிருந்தார். "சுழிதானே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிட்டாராம். நாங்கள் இருவரும் தாளில் சில்லாக மாறி, பைட்டு பைட்டாக நடந்து பார்த்தோம்.

3இ அடுத்த பைட்டை எதிர்நோக்குகிறது; 00 இல்லாததால் 06-ஐ எடுத்துக்கொள்கிறது. ஏ-யில் ஆறு. இப்போது 05-க்கு முன்னே எதிர்நோக்குபவர் இல்லை. ஆகவே அது எண்ணாக இராமல் கட்டளையாகிவிடுகிறது: பி-யில் ஒன்று குறை. பி-யில் முன்பே சுழி இருந்தது என்று கொள்வோம். சுழியிலிருந்து ஒன்று குறைத்தால் எட்டுப் பிட்டில் 255. அடுத்து 80: ஏ-யோடு கூட்டு. ஆறும் 255-ம் 261. 255-க்கு மேல் பைட்டில் இடமில்லாததால் மிஞ்சி நிற்பது 5. பிறகு பி சுழியாகும்வரை வெறுமனே குறைந்துகொண்டே வருகிறது; கூட்டல் நிகழ்வதில்லை, ஏனெனில் 80 ஓரிடம் முன்னே நகர்ந்துவிட்டது. கடைசியில் 5 என்பதை 4150-இல் வைத்துவிட்டு நிற்கிறது.

தாளில் 05 விழுந்ததும் மாணவர் எழுந்து நின்றுவிட்டார். பலகையில் பழுதில்லை, அவர் சொன்னதை அது எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. ஒன்றுமில்லை என்று அவர் விட்ட சுழி, தனக்குப் பின்னே வந்த சிலவற்றின் பொருளையே மாற்றிவிட்டது. 'சைபர்' என்று நம் வீடுகளில் சொல்லும் சொல் அரபி 'ஸிஃப்ர்' என்பதன் வழிவந்தது. வெறுமை என்பது அதன் பொருள். வெறுமையான இடத்தையும் எழுதிக்காட்ட வேண்டும் என்பதல்லவா இந்திய எண்களைப் பற்றி அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் பாடங்களுள் ஒன்று! அவர் பெயரை மேடையில் முழங்குகிறோம்; அவர் சொன்ன சுழியை விட்டுவிடுகிறோம்.

இதில் மாணவர் குற்றம் சிறிதே. லால்பேட்டை, ஆயங்குடி, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை என்று இந்த வட்டாரத்து ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சிதம்பரத்துக்குச் சென்று படித்து வருகின்றனர். 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் 1945-லிருந்தே உண்டு. கல்விக்கு நெடுந்தொலைவு போக வேண்டிய வட்டாரமன்று இது. குறை வேறிடத்தில். நம் மதரஸாக்கள் பலவற்றில் 'கணிப்பொறி வகுப்பு' என்று தொடங்கியவை அரபியும் தமிழும் தட்டச்சிடுவதோடு நின்றன. கல்லூரிகள் சிலவற்றிலோ ஆய்வகத் தேர்வு குறிப்பேட்டை ஒப்பிக்கும் சடங்காகிவிட்டது. ஹிஃப்ளின் மேன்மையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அல்லாஹ்வின் வேதம் நெஞ்சங்களில் காக்கப்படுவது அதனால்தான். ஆனால் ஹிஃப்ளை முடித்தவரை நஹ்வுக்கும் ஸர்ஃபுக்கும் தஃப்ஸீருக்கும் அனுப்புகிறோமே, அந்த அடுத்த படி இந்தக் கல்விக்கு மட்டும் வேண்டாமா? படிகளைப் பொருளறியாது செய்வதில் சில்லை மிஞ்ச எவராலும் இயலாது. நிரலைத் தானே எழுதித்தரும் மென்பொருள்களும் வந்துவிட்ட இந்நாளில், ஒப்பிப்பவருக்கு மிஞ்சும் வேலை எது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். வருவது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். பார்க்க வேண்டுமானால் 05 எங்கே எண், எங்கே கட்டளை என்று தெரிய வேண்டும்.

அரபிக் கல்லூரிகளில் யாப்போ அரூளோ உஸூலோ ஓதும் வகுப்பில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் இந்த அரிச்சுவடியைச் சேர்க்கலாம் என்பது நம் கருத்து. கணிப்பொறிகூட வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும் சில சோழிகளும் போதும். பதிவகங்கள் ஏழுக்கும் ஏழு மாணவரை நிறுத்தி, கட்டளைகளை ஒருவர் ஓத, மற்றவர் செய்துகாட்டலாம். நாம் அப்படிச் செய்துபார்த்தோம். ஏ-யாக நின்ற சிறுவன் மஃரிபு பாங்கு சொல்லும்வரை இடத்தைவிட்டு அசைய மறுத்தான்.

பரங்கிப்பேட்டை மாணவர் அடுத்த வாரம் மீண்டும் வந்தார். சஃபர் பேச்சு எழவில்லை. ஐந்துக்குப் பதிலாக எந்த எண் வரை இதே நிரல் சரியான விடை தரும் என்பதைத் தாமே கணக்கிட்டிருந்தார். இருபத்திரண்டு வரை, கூட்டினால் 253, ஒரு பைட்டில் அடங்கும். இருபத்துமூன்றுக்கு 276; பலகை காட்டப்போவது 14, அதாவது இருபது. "மிஞ்சிப்போகும் அந்த 256-ஐ எங்கே வைப்பது, ஹழ்ரத்?" என்று கேட்டார். 786-க்கு இரண்டு பைட்டு எடுத்தோமே என்றோம். குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, எச், எல் என்று இரண்டு கட்டங்களை அருகருகே வரைந்து, சிறியதற்குரிய கட்டத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.